பள்ளிக்கூடமும் கணினிக் கல்வியும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினியைப் பற்றிச் சிறிது பேசுமாறு நமது காரியதரிசி அவர்கள் கடிதம் விடுத்தபோது, அக்கடிதம் முகவரி மாறி என் கைக்கு வந்ததோ என ஐயுற்றேன். யான் பேரூர்த் தமிழ்க் கல்லூரியில் இலக்கண இலக்கியம் பயின்றவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரத்துக் கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் போதித்து வருபவன். என் கையில் நன்னூல் இருக்கக் கண்டோர் வியவார். கணினியின் விசைப்பலகை இருக்கக் கண்டோர் நகுவர். ஆயினும், ஊழ்வலி என்று கூறினும் ஆசிரியர் பற்றாக்குறை என்று கூறினும் ஒக்கும், ஓராண்டின் பெரும்பகுதி அப்பள்ளியின் கணினி அறிவியல் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் யான் கற்பித்தது சிறிது, கற்றுக்கொண்டது பெரிது. அதனை உள்ளவாறே உங்கள் முன் வைப்பதற்கு வந்தேன்.

பொதுத்தேர்வில் முதன்மையெய்தும் நம்மவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி பரிசளிக்கலாமா என்று செயற்குழுவினர் ஆலோசித்து வருவதை யாவரும் அறிவீர்கள். நல்லெண்ணத்தால் எழுந்த ஆலோசனை அது. அதனைக் குறித்தும் எனக்கு ஒரு சொல் உண்டு. அச்சொல் சிலருக்குக் கைக்கலாம், பொறுத்தருள வேண்டுகின்றேன்.

கிறிஸ்தவப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பயில்வது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. இலண்டன் மிஷனைச் சார்ந்த ஆடிஸ் பாதிரியார் 1830 ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு வந்தார். இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் வணிகர் 1862 ஆம் ஆண்டில் தம் பெயரால் இன்றும் விளங்கும் பள்ளியை நிறுவினார். 1888 இல் இந்நகரின் முதற் பஞ்சாலை தோன்றுதற்கும் அவரே காரணராயினார். பள்ளியும் ஆலையும் ஒரே கையினின்று தோன்றிய ஊர் நம் ஊர். பின்னர் நம் நாட்டுப் பெருமக்கள் அவ்வழியைத் தாமே மேற்கொண்டனர். பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம் 1926 இல் ஏற்பட்டது; ஜி. டி. நாயுடு அவர்கள் 1945 இல் தொடங்கிய தொழிற்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. லேத்துப் பட்டறையிலும் மோட்டார்ப் பட்டறையிலும் கை பழகியவர்கள் நம்மவர்கள். ஆதலின் நம் பிள்ளைகளுக்கு இயந்திரத்தைக் கண்டு அச்சம் சிறிதும் இல்லை. பள்ளிக் கணினி ஒன்று இயங்காவிடின், ஆசிரியர் வருவதற்குள் திருகாணிகளைக் கழற்றி மேசைமேற் பரப்பி வைத்திருப்பார்கள். (மீண்டும் பூட்டும்போது இரண்டு திருகாணிகள் மிஞ்சும் என்பது வேறு விஷயம்.) ஆயினும், இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பது வேறு, அதற்குக் கட்டளையிடுவது வேறு. பின்னதே கணினிக் கல்வி. அஃது எளிதில் வருவதன்று.

பள்ளிகளிற் கணினி நுழைந்த வரலாறு நீண்டதன்று. இந்திய அரசாங்கத்தார் 1984 ஆம் ஆண்டில் 'கிளாஸ்' என்னும் திட்டமொன்றை வகுத்து, இங்கிலாந்து தேசத்தில் ஆக்கிய பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கினர். அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டு அளவினது. யான் இன்று பேசும் இச்சொற்பொழிவை ஒருங்குறியில் எழுதி அதனுள் இட முயன்றால், பாதி உள்ளே செல்லும். மீதி வெளியே நிற்கும். அக்காலம் கழிந்தது. நம் மாநிலத்து மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் தனிப்பாடமாயிற்று. 2011 ஆம் ஆண்டிற் செப்டம்பர் மாதத்தில் அரசினர் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புதிய பாடநூல்கள் வெளிவந்தன. பதினோராம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் மொழியும் இடம்பெற்றன. நூல்கள் நன்று. குறை நூலில் இல்லை.

குறை யாதெனின், நம் பிள்ளைகள் நிரலையும் நெட்டுருச் செய்கின்றனர். மனப்பாடச் செய்யுள் போல, நிறுத்தக்குறி ஒன்றும் பிழையாமல், இருபது வரி நிரலைக் கண்மூடி ஒப்பிக்கும் மாணவனை யான் கண்டிருக்கின்றேன். அவ்விருபது வரிகளில் 'சிறியது' என்னும் குறியை மாற்றிப் 'பெரியது' என்று இட்டால் விடை எவ்வாறு மாறும் என வினவினேன். "அது புக்குல இல்லைங்கய்யா" என்றான். அவன் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றவன். அவனைக் குறை கூறுதல் தகாது. மதிப்பெண்ணுக்காகவே வளர்க்கப்பட்ட பிள்ளை அவன். அவன் வீட்டார்க்கும் நமக்கும் அதிற் பங்குண்டு.

இனி, அவ்வகுப்பு எனக்கு வந்த வகையைக் கூறுகின்றேன். கணினி ஆசிரியை மகப்பேற்று விடுப்பிற் சென்றார். அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் சரவணம்பட்டியில் நல்ல சம்பளம் கிடைத்தது என்று மூன்று வாரத்தில் விடைபெற்றார். தலைமையாசிரியராகிய பாதிரியார் ஒரு நாள் மாலை என்னை அழைத்து, "தமிழையா, வேறு ஆள் கிடைக்கும் வரை பிள்ளைகளோடு போய் உட்காருங்கள். சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்றார். யான், "சாமி, எனக்கும் அந்தப் பொறிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையே" என்றேன். அவர் நகைத்து, "வீரமாமுனிவருக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் இருந்தது? அவர் இத்தாலியிலிருந்து வந்து உங்கள் எழுத்தையே திருத்தவில்லையா?" என்றார். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேற்றுமை தெளிவாகத் தோன்றுமாறு எழுத்து வடிவங்களை அமைத்தவர் அம்முனிவர் என்பது தமிழாசிரியர் யாவரும் மாணவர்க்குக் கூறும் செய்தியன்றோ? என் ஆயுதத்தை எடுத்து என்மேலே எய்துவிட்டார். மறுநாள் கணினி அறைக்குட் சென்றேன்.

அங்குப் பதினெட்டுக் கணினிகள் இருந்தன. இயங்கியவை பதினொன்று. மாணவர் நாற்பத்து மூவர்.

முதற் கிழமை சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் கிழமை அது நாணமாகத் தோன்றிற்று. இரவில் மாணவர் பாடநூலை எடுத்துப் படிக்கலானேன். இரும எண்கள் என்னும் பகுதியை அடைந்தபோது, படித்த இடத்திலேயே நின்றேன். பூச்சியம், ஒன்று என்னும் இரண்டே குறிகள். ஓரிடமாயின் 2 வகை, ஈரிடமாயின் 4 வகை, மூவிடமாயின் 8 வகை, நாலிடமாயின் 16 வகை. இதனை யான் எங்கே கண்டேன்? யாப்பிலக்கணத்தில் நேர், நிரை என்பன இரண்டே அசைகள். ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என யான் பல்லாண்டு கரும்பலகையில் எழுதி வந்தது அதே கணக்கு.

மறுநாள் கணினிகளை இயக்க வேண்டா என்று கூறி, அனைவரையும் தரையில் அமரச் செய்து, நேரசைக்குப் பூச்சியமும் நிரையசைக்கு ஒன்றும் இட்டு எழுதுவித்தேன். தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11. ஒருவன் எழுந்து, "அஞ்சு அசை வெச்சா முப்பத்திரண்டு வருங்களாய்யா?" என்றான். "இலக்கணத்தில் ஐந்தசைச் சீர் இல்லை, கணினியில் எட்டசையும் உண்டு, அதற்கு 256" என்றேன். அன்று வகுப்பில் எவரும் உறங்கவில்லை.

இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். இதனைக் கொண்டு நம் முன்னோர் கணினியை அன்றே கண்டனர் என்று மார்தட்டுவோர் உளர். அது பிதற்றல். யாப்பருங்கலக்காரிகை செய்த அமிதசாகரர் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தாரேயன்றிப் பொறி செய்ய முனைந்தாரல்லர். இரண்டு குறிகளை முறையாக அடுக்கினால் எண்ணிக்கை இரட்டிக்கும் என்பது எந்நாட்டார்க்கும் பொது. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றை விளக்கலாம் என்பதே யான் கண்டது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

தெரிந்தது என்பது செய்யுள் மட்டுமன்று. சிறுமுகைப் பக்கத்து நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன் தன் தந்தையார் தறியின் ஜக்கார்டு அட்டைகள் சிலவற்றைக் கொணர்ந்தான். துளையுள்ள இடத்தில் ஓர் இழை எழும். துளையில்லாத இடத்தில் எழாது. அட்டை வரிசையே சேலையின் பூவேலை. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் 1804 ஆம் ஆண்டளவில் அமைத்த அவ்வட்டை முறையைக் கண்டே, இங்கிலாந்துப் பாபேஜ் என்னும் கணித மேதை தாம் கருதிய கணக்குப் பொறிக்கு அட்டைகளால் ஏவலிடலாம் எனத் துணிந்தார். அம்மாணவன் வகுப்பில் வாய் திறவாதவன். தறிக்காரன் மகன் என்று பிறர் கூறுவரோ எனக் கூசியவன். அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு முக்கால் மணிநேரம் அவனே பாடம் நடத்தினான். யான் பெஞ்சில் அமர்ந்து கேட்டேன்.

நிற்க. யான் விரித்துக் கூற விழைவது 'கொங்கு' என்னும் சொல்லின் கதையை.

பைதான் மொழியில், ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கணினியை வினவும் கட்டளை உண்டு. ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மாணவர் அதனைப் பழகினர். அப்போது தமிழ்வழிப் பிரிவைச் சார்ந்த மாணவி ஒருத்தி, தமிழ்ச் சொல்லை இட்டுப் பார்க்கலாமா என்றாள். அவள் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் மகள். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு நடுவே கணினிப் பிரிவில் அவளைச் சேர்க்கத் தந்தையார் முதலில் இசையவில்லை, "இங்கிலீசு தெரியாம கம்ப்யூட்டர் எதுக்குங்க?" என்று என்னிடமே கேட்டவர். அவள் 'கொங்கு' என்று இட்டாள். கணினி 6 என்று விடை கூறிற்று.

அவள் திரும்பி, "ஏனுங்கய்யா, கொங்குக்கு மூணு எழுத்துத்தானுங்களே? கொ, ங், கு. இது எப்படிங்க ஆறு?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே கூறினேன். அன்றிரவு நூல்களைத் துருவியும், சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்தும் அறிந்துகொண்டதைக் கூறுகின்றேன். உலக மொழிகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி என்னும் யூனிகோடு 1991 இல் வெளிவந்தது. அதில் நம் எழுத்துக்கு இடம் கிடைத்தது பெரும்பேறு. ஆயினும், இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே அச்சாக 1988 இல் வகுத்த இஸ்கீ என்னும் முறையை ஒட்டி அவ்விடம் அமைந்தது. அதன்படி, மெய்யெழுத்து அடிப்படையன்று. அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. 'க்' என்பது 'க' வும் புள்ளியும் ஆகிய இரண்டு. 'கு' என்பது 'க' வும் உகரக் குறியும் ஆகிய இரண்டு. ஆகவே 'கொங்கு' என்பது க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என ஆறாயிற்று. மெய்யின் மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். உயிர்மெய்யினின்று உயிரைப் புள்ளியிட்டு நீக்கினால் மெய் தோன்றும் என்பது பொறியின் இலக்கணம். தொல்காப்பியம் கற்ற எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களாக.

இக்குறையைத் தமிழறிஞர் உணராமலில்லை. நம் கோயம்புத்தூரில் 2010 ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததையும், அதனுடன் தமிழ் இணைய மாநாடு கூடியதையும் உங்களிற் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள். ஊர்வலத்து ஊர்திகள் நினைவிருக்கும். அவ்வேளையில், ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் வழங்கும் டேஸ்-16 என்னும் முறையையும் தமிழ்நாட்டரசினர் தரமாக ஏற்றனர் என்பது பலர்க்கு நினைவிராது. அம்முறையில் 'கொ' ஓரெழுத்து, ஓரெண். உலகம் முழுதும் வழங்குவது ஒருங்குறியே. ஆதலின் ஆறு என்பதும் நீங்கவில்லை.

மறுநாள் வகுப்பில் இவ்வளவும் கூறி, "பொறியைத் திருத்துதல் நம்மால் ஆகாது, பொறிக்கு நம் இலக்கணத்தைக் கற்பிக்க ஆகுமா?" என்று வினவினேன். அம்மாணவியே சற்று எண்ணி, "குறியெல்லாம் விட்டுப்போட்டு எழுத்தை மட்டும் எண்ணச் சொன்னா மூணுதானுங்க வரும்" என்றாள். புள்ளியும் உயிர்க்குறியும் வந்தால் எண்ணற்க. பிற வந்தால் ஒன்று கூட்டுக. இவ்வளவே கட்டளை. நான்கு வரியில் எழுதினாள். கணினி 3 என்றது. வகுப்பு ஆரவாரித்தது, பக்கத்து அறையினின்று வேதியியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். உடனே ஒருவன், தன் பெயரின் முதலெழுத்தாகிய 'ஸ்ரீ' இரண்டாக எண்ணப்படுகின்றதே என்று முறையிட்டான். வடிவம் ஒன்று, ஒலி இரண்டு, நீயே முடிவு செய் என்றேன். அவன் அதற்கெனத் தனிவிதி எழுதிக்கொண்டான்.

பின்னர் அவர்கள் நிற்கவில்லை. எழுத்தை எண்ணியவர்கள் மாத்திரையை எண்ணத் தொடங்கினர். குறில் 1, நெடில் 2, மெய் அரை. 'கொங்கு' என்பதற்குக் கணினி இரண்டரை என்றது. இலக்கணப்படி ஈற்றுக் குகரம் குற்றியலுகரம், அதற்கு அரையே, ஆகவே 2 என்றேன். குற்றியலுகரம் எங்கு வரும் என்று வினவினர். ஒன்பதாம் வகுப்பில் இதே பிள்ளைகளுக்கு யான் அதனைக் கற்பித்தபோது சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்! சொல்லின் ஈற்றில் வல்லினத்தின்மேல் உகரம் வந்தால் அரை மாத்திரை என்று விதி எழுதினர். ஒருவன் 'பசு' என்று இட்டான். விதி பிழைத்தது, தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் குறுகாதன்றோ? மீண்டும் விதியைத் திருத்தினர். இவ்வாறு எட்டு நாள் சென்றன. பசு, அது, வரகு, பாக்கு, மார்பு என வீதியிற் கண்ட சொல்லையெல்லாம் இட்டுச் சோதித்தனர். விதி வகுத்தல், விலக்குக் காணுதல், விதியைத் திருத்துதல், மீண்டும் சோதித்தல் என்னும் இவையே கணினி அறிவியல் என்பதைச் சரவணம்பட்டி மாணவன் எனக்கு உறுதி கூறினான். இஃது இலக்கண ஆசிரியனின் தொழிலும் ஆகும். பாட்டின் யாப்பைச் சோதித்துக் கூறும் 'அவலோகிதம்' போன்ற மென்பொருள்கள் இவ்வழியிலேயே ஆக்கப்பட்டுள்ளன.

தமிழ்ப் பாடநூலின் கலைச்சொற்களைக் குறித்து ஒரு வார்த்தை. செயற்கூறு, வரையெல்லை, நெறிமுறை என்பன நல்ல சொற்கள். 'தரவு அருவமாக்கம்' என்பதைக் கண்டு பிள்ளைகள் மருண்டனர். உண்மையுரைப்பின் யானும் மருண்டேன். தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர்ப் பெட்டி உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் நீர் வரும். பெட்டிக்குள் யாது நிகழ்கின்றது என்பதை அழுத்துபவர் அறிய வேண்டுவதில்லை. மெக்கானிக் அறிந்தாற் போதும். உள்ளிருப்பதை மறைத்து வேண்டுவதை மட்டும் வெளியே காட்டுதலே அருவமாக்கம். இவ்வுவமையைக் கூறியவளும் அன்னூர் மாணவியே. ஆங்கிலவழிப் பிள்ளைகள் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

வாளையாற்றுக்கு அப்பால், மலையாள நாட்டில், 2001 ஆம் ஆண்டிலேயே 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வழியாகவும் கணினி கற்பிக்கலாயினர். அங்கும் தனி ஆசிரியர்க்குக் காத்திராமல், பிற பாடங்களின் ஆசிரியர்களையே பயிற்றுவித்தனர். இதனை அறிந்தபின் என் கூச்சம் சிறிது குறைந்தது.

இனி, கைக்கும் என்று முன்னர்க் கூறிய சொல்லுக்கு வருகின்றேன்.

பதினொரு கணினிக்கு நாற்பத்து மூவர் ஆதலின், பொறி ஒன்றுக்கு மூவரும் நால்வருமாக அமர்ந்தனர். அகர வரிசைப்படி அமர்த்தினேன். வேறு முறை எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள், நம் சமூகத்தைச் சார்ந்த அன்பர் ஒருவர், நம் கூட்டங்களுக்கு வருபவர், பள்ளி வாயிலில் எனக்காகக் காத்திருந்தார். "ஏனுங்கய்யா, நம்ம பையனத் தனி மெசின்ல உக்கார வெச்சா ஆகாதுங்களா?" என்றார். ஏன் என்று வினவினேன். முதலிற் கண்வலி என்றார். பிறகு படிப்புக் கெடுகின்றது என்றார். இறுதியில், அவர் மைந்தனுக்கு அருகில் அமரும் சிறுவன் எந்தத் தெருவினின்று வருகின்றான் என்பதைத் தாழ்ந்த குரலிற் கூறினார்.

அன்று யான் கூறிய விடை யாது? "ஐயா, இயங்கும் பொறி பதினொன்றே உள்ளது, தனியாக அமர்த்த இயலாது" என்றேன். அவர் கணக்கை ஒப்புக்கொண்டு சென்றார். யான் கூறியது பொய்யன்று. ஆயினும் அது விடையும் அன்று. பொறி நாற்பத்து மூன்று இருந்தாலும் அவ்வாறு பிரித்து அமர்த்த மாட்டேன் என்று கூறியிருத்தல் வேண்டும். நம்மவர், நாளையும் முகம் பார்க்க வேண்டியவர் என்னும் தயக்கத்தால் கணக்கைக் கேடயமாகப் பிடித்தேன். அது முதல் அந்நினைவு என்னை விட்டு நீங்கவில்லை. அவர் மைந்தன் 'பசு' என்னும் சொல்லை இட்டு விதியைப் பிழைப்பித்தவன். அவ்விதியைத் திருத்தியவன் அருகிலிருந்த அச்சிறுவன். ஒருவன் பிழை காண்பதும் மற்றவன் திருத்துவதுமாக அவ்விருவரும் செய்ததை, தனிப் பொறியில் அமர்ந்த ஒருவன் செய்திருப்பான் என்று யான் கருதவில்லை.

அரையாண்டு விடுமுறைக்குப் பின்னர்ப் பழைய மாணவர் சங்கத்தார் நான்கு கணினிகள் வாங்கித் தந்தனர். பதினொன்று பதினைந்தாயிற்று. அன்பர் மீண்டும் வந்தார். இம்முறை கூற வேண்டியதைக் கூறினேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். இன்று இம்மண்டபத்தில் அவர் இருப்பின் என் வணக்கத்தை ஏற்க வேண்டுகின்றேன். அவர் மைந்தன் இப்போது கல்லூரியிற் பயில்கின்றான். சென்ற தைப்பொங்கலன்று அவ்விரு இளைஞரும் ஒரே வண்டியில் என் வீட்டிற்கு வந்து கரும்பு தந்து சென்றனர்.

ஆதலின், செயற்குழுவினர்க்கு என் விண்ணப்பம் இது. ஆளுக்கொரு மடிக்கணினி பரிசளித்தால், அது பிள்ளையோடு வீட்டிற்குச் செல்லும், கதவு சாத்தப்படும், பெரும்பாலும் திரைப்படம் காண்பதற்குப் பயன்படும். முதன்மை பெற்ற பிள்ளைக்கு அது கிடைக்கும். அன்னூர் மாணவியைப் போல முதன்மை பெறாத பிள்ளைக்குக் கிடையாது. (அவள் பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு எழுபத்திரண்டு.) அத்தொகையைக் கொண்டு, நம் சங்க மண்டபத்தின் மாடியறையில், பழுதுபார்த்த பழைய கணினிகள் பத்து வாங்கி வைக்கலாம். பகலில் அவ்வறை பூட்டியே கிடக்கின்றது. முகூர்த்த நாட்களில் மாத்திரம் பந்திப் பாத்திரங்கள் அடுக்கப் பயன்படுகின்றது. திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை அங்கு வகுப்பு நடத்தலாம். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முதலிடம் தருதல் வேண்டும். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர அவர்கள் வகுப்பை முதலில் முடித்துவிடலாம். கணினி ஒன்றுக்கு இருவர்.

மண்டபத்துக்கு எதிரே ஒரு தெரு உண்டு. வாய்க்காலுக்கு அப்பால் ஒரு தெருவும் உண்டு. அவ்விரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் வகுப்பின் கதவு திறந்திருத்தல் வேண்டும். நம் சங்கத்துப் பணம் நம்மவர்க்கே என்று கூறுவோர் இருப்பர் என்பதை அறிவேன். விதிகளில் அவ்வாறு எழுதப்பட்டிருப்பதாகவும் காரியதரிசி அவர்கள் சற்றுமுன் என்னிடம் கூறினார்கள். விதிக்கு விலக்கு வருமிடத்து விதியைத் திருத்துவது எவ்வாறு என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் எனக்குக் கற்பித்தனர். பொதுக்குழுவிற்கு அவ்வதிகாரம் உண்டு.

ஆசிரியரைத் தேடி அலைய வேண்டா. வாரத்தில் இரண்டு நாள் யான் வருவேன். மற்ற இரண்டு நாட்களுக்கு வருவதாகச் சரவணம்பட்டி மாணவன் ஒப்புக்கொண்டிருக்கின்றான். இருவர்க்கும் ஊதியம் வேண்டா. மின்சாரக் கட்டணத்தைச் சங்கம் ஏற்றல் வேண்டும். பந்திப் பாத்திரங்களை வேறிடத்துக்கு மாற்ற ஓராளும் வேண்டும். மாடியறையின் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதைக் கூட்டம் முடிந்தபின் யாரேனும் எனக்குத் தெரிவித்தால், நாளைக் காலை மின் இணைப்புகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்.